கனலும் கணவாயும்

நுழையும்முன்

ஒரு கருவி பழுதுபட்டால் அதைக் கையாண்டவரையே முதலில் குறைகூறுவது வீட்டு வழக்கம். சூடேறி நின்றுபோன காணொலி விளையாட்டுப் பெட்டி ஒன்றை முன்வைத்து, குறை எங்கே பிறந்தது, அதில் கையாண்டவர் பங்கு எவ்வளவு, செய்தவர் பங்கு எவ்வளவு என்று ஆராய்கிறது இக்கட்டுரை. உலகறிந்த ஒரு தோல்வியின் வரலாறும், தென்காசிச் சீமையின் வெயிலும் காற்றும் அந்த ஆராய்ச்சிக்குத் துணைநிற்கின்றன.

காற்று வரும் வாயில்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்பதை அறியச் சுந்தரபாண்டியபுரத்தார் அருவிக்குச் செல்ல வேண்டியதில்லை. வாசற்கதவு தானே அடித்துக்கொள்வதே அதை அறிவித்துவிடும். தென்காசி மாவட்டத்துப் பேரூராட்சியான இவ்வூர், நெல்வயல்களும் சூரியகாந்தித் தோட்டங்களும் சூழ்ந்தது. 'ரோஜா' (1992) திரைப்படத்தில் கதைத்தலைவியின் ஊராகக் காட்டப்பட்டதால் வெளியூராரும் இதன் பெயரை அறிவர். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்கிறது. அச்சுவர் செங்கோட்டைக்கு அப்பால் ஓரிடத்தில் தாழ்ந்து வழிவிடுகிறது. அரியங்காவுக் கணவாய் என்றும் செங்கோட்டைக் கணவாய் என்றும் வழங்கும் அவ்வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சமவெளிக்குள் நுழைகிறது. அகன்ற வெளியில் வந்த காற்று குறுகிய வாயிலில் புகும்போது விரைவு கொள்ளும். ஆனியிலும் ஆடியிலும் இப்பகுதியை நனைக்கும் தூறலும், குளிர்ந்த காற்றும், தொலைவில் சுழலும் காற்றாலைகளும் அந்த ஒரு வாயிலின் கொடை.

சித்திரை, வைகாசியில் நிலைமை வேறு. பருவக்காற்று இன்னும் வந்திராது. ஓட்டு வீட்டின் உள்ளும் பிற்பகல் வெம்மை தேங்கி நிற்கும். அத்தகைய ஒரு பிற்பகலில், இவ்வூர் வீடொன்றில் நிகழக்கூடியதாக ஒரு காட்சியைக் கருதிக்கொள்ளலாம்.

பதினோராம் வகுப்புத் தேர்வு முடிந்து விடுமுறையில் இருக்கும் மாணவன் ஒருவன். துபாயில் பணிபுரியும் அவன் மாமா, தாம் பயன்படுத்திய பழைய எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டியை அவனிடம் கொடுத்துச் சென்றிருக்கிறார். தொலைக்காட்சிக்குக் கீழுள்ள மர அலமாரியின் சிறு அறைக்குள் அது செருகி வைக்கப்பட்டிருக்கிறது. தூசி படியாதிருக்க, பூவேலை செய்த துணி ஒன்றும் அதன்மேல் போர்த்தப்பட்டிருக்கிறது. ஆட்டம் தொடங்கி ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. உள்ளிருக்கும் விசிறி இரைகிறது. திடீரெனத் திரை உறைகிறது. பெட்டியின் முகப்பு வளையத்தில் பச்சைக்கு மாறாகச் சிவப்பு மின்னுகிறது. ஒரு நொடியில் அவன் முகம் வெளிறிவிடுகிறது.

“ராப்பகலா அதுலயே கெடந்தா வேற என்னலே ஆகும்?” என்று தந்தை கடிந்துகொள்கிறார். தாய் துணியை நீக்கிப் பெட்டியின்மேல் கைவைத்துப் பார்த்து, “தோசைக்கல்லு கணக்கா இல்லா கொதிக்கி” என்று கையை உதறுகிறார். மாணவன் வாய் திறக்கவில்லை. பிழை தன்னுடையதே என்று அவனும் நம்பிவிட்டான். வளையத்தில் எத்தனை விளக்குகள் சிவந்திருந்தன என்பதை மட்டும் அவ்வேளையில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும்.

வெப்பம் நடக்கும் வழி

விளையாட்டுப் பெட்டி உள்வாங்கும் மின்னாற்றல் எங்கே போகிறது? சிறு பகுதி ஒளியாகவும் ஒலியாகவும் சுழற்சியாகவும் மாறினாலும், முடிவில் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. தொடக்ககால எக்ஸ்பாக்ஸ் 360 ஆட்டத்தின்போது ஏறத்தாழ 170 வாட் மின்திறனை நுகர்ந்தது. பழைய 60 வாட் குண்டுபல்புகள் மூன்றை ஒரு பெட்டிக்குள் எரியவிட்டு மூடிவைத்தால் எவ்வளவு சூடு தேங்குமோ அவ்வளவு சூடு அது. இதில் பெரும்பங்கு, கைவிரல் நகங்கள் சிலவற்றின் பரப்பளவே உள்ள இரு சிலிக்கான் சில்லுகளில் பிறக்கிறது. ஒன்று கணக்கிடும் செயலி; மற்றொன்று திரையில் காட்சிகளைத் தீட்டும் வரைகலைச் செயலி.

சில்லில் பிறந்த வெப்பம் வெளியேற ஒரு வழிநடை உண்டு. முதலில் அது சில்லின் மேல் அழுந்தியிருக்கும் உலோகக் கட்டைக்குச் செல்கிறது. பழுது நீக்குவோர் அதை 'ஹீட் சிங்க்' என்பர். பலாப்பழத்தின் சுளைகளைப்போல நெருங்கி நிற்கும் மெல்லிய தகடுகள் அதில் உண்டு. காற்றுடன் உறவாடும் பரப்பைப் பெருக்குவதற்காகவே அந்த அமைப்பு. சில்லின் முதுகும் உலோகத்தின் அடியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், அவற்றுக்கிடையே நுண்ணிய பள்ளங்கள் இருக்கவே செய்யும். பள்ளங்களில் காற்று தங்கினால் வெப்பம் தடைபடும். காற்று வெப்பத்தை மிக அரிதிலேயே கடத்தும். ஆகவே காற்றைவிட நூறு மடங்கு அளவுக்கு நன்கு கடத்தும் 'தெர்மல் பேஸ்ட்' என்னும் வெப்பப் பசையை அவ்விடத்தில் மெல்லியதாகத் தடவுகிறார்கள். பின்னர் விசிறி, தகடுகளினூடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை அள்ளி வெளியே தள்ளுகிறது.

இவ்வழிநடையின் கடைசிக் கண்ணிதான் பெட்டியின் பக்கத்துத் துளைகள். அவை அந்தப் பெட்டிக்கு அரியங்காவுக் கணவாய். கணவாயை அடைத்துவிட்டால் மலைக்கு இப்பால் என்ன ஆகும்? அலமாரி அறைக்குள் வைத்துத் துணி போர்த்திய பெட்டியில் அதுவே ஆகிறது. வெளியே தள்ளப்பட்ட சூடான காற்று போக இடமின்றிச் சுற்றிவந்து, உள்ளிழுக்கும் துளைகளிலேயே மீண்டும் புகுகிறது. சுட்ட காற்றைக் கொண்டு சூட்டைத் தணிக்க இயலாது. விசிறி வேகம் கூட்டுகிறது, இரைச்சல் பெருகுகிறது, பயன் குறைகிறது.

இங்கே வெயிலின் பங்கையும் சொல்லியாக வேண்டும். சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் 5 பெட்டி இயங்கத்தக்க சூழல் வெப்பநிலையை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று வரையறுத்திருக்கிறது. தென்தமிழகத்தின் உள்மாவட்டங்களில் கோடைப் பிற்பகல்கள் 35 டிகிரியைக் கடப்பது புதுமை அன்று. அடைத்த அலமாரியின் உட்புறம் அறையைவிட மேலும் வெப்பமாக இருக்கும். குளிர்நாட்டு வரவேற்பறையை மனத்தில் கொண்டு வரையப்பட்ட எல்லைக்கு வெளியேதான் இங்குள்ள மாணவர் பலர் கோடையில் விளையாடுகின்றனர் என்பதை அப்பெட்டியின் விளம்பரங்கள் சொல்வதில்லை. சூடு வரம்பு மீறும்போது கருவி தானே நின்றுகொள்வது பழுதன்று. தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். ஆறியபின் அது மீண்டும் இயங்கும்.

ஆனால் ஆறியபின்னும் மீளாத பெட்டிகள் இலட்சக்கணக்கில் ஒருகாலத்தில் இருந்தன.

மூன்று செந்நிற விளக்குகள்

மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டியை 2005 நவம்பர் 22 அன்று அமெரிக்காவில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அது இந்தியாவுக்கும் வந்தது. அதன் முகப்பில் இயக்குபொத்தானைச் சூழ்ந்து, நான்கு கால்வட்டங்களாகப் பிரிந்த ஒளிவளையம் ஒன்று உண்டு. நலமாக இயங்குகையில் அது பச்சையாக ஒளிரும். நான்கும் சிவந்தால் தொலைக்காட்சிக்குச் செல்லும் கம்பி சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். இடப்புறத்து இரண்டு மட்டும் சிவந்தால் பெட்டி மிகுந்த சூட்டில் இருக்கிறது. ஆறவிட வேண்டும் என்று பொருள். மூன்று சிவந்தால் உள்ளுறுப்பு செயலிழந்தது என்று பொருள். அந்த மூன்றாவது நிலையையே விளையாடுவோர் 'மரணத்தின் செவ்வளையம்' என்று அழைத்தனர். அடையாளம் கண்டவர் பெரும்பாலும் தம் பெட்டியை மீண்டும் உயிருடன் பார்த்ததில்லை.

புகார்கள் வரத் தொடங்கியபோது நிறுவனம் அவற்றைப் பெரிதுபடுத்தவில்லை. எந்த மின்னணுக் கருவியிலும் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பழுதுபடுவது இயல்பே, அந்த அளவில்தான் இதுவும் இருக்கிறது என்று கூறப்பட்டது. அமெரிக்காவில் 90 நாளாக இருந்த உத்தரவாதம் 2006 திசம்பரில் ஓராண்டாயிற்று. அவ்வளவில் புகார்கள் நிற்கவில்லை. பெட்டியைக் கம்பளத்தின்மேல் வைத்தீர்களா, புகைபிடிக்கும் அறையில் வைத்தீர்களா, விடாமல் ஆடினீர்களா என்று விளையாடுவோரே ஒருவரையொருவர் குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்ட காலம் அது. சுந்தரபாண்டியபுரத்துத் தந்தையின் கடிந்துரை அன்று பல மொழிகளில் ஒலித்திருக்கும்.

2007 சூலை 5 அன்று அந்நிலை மாறியது. மூன்று செந்நிற விளக்குகள் மின்னும் எந்தப் பெட்டிக்கும், வாங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு வரை கட்டணமின்றிப் பழுது நீக்கித் தரப்படும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. ஏற்கெனவே தம் பணத்தைச் செலவிட்டுச் சீர்செய்துகொண்டவர்களுக்கு அத்தொகை திருப்பித் தரப்படும் என்றும் சொன்னது. இதற்காக நிறுவனம் ஒதுக்கிய தொகை 105 கோடி முதல் 115 கோடி டாலர். விளையாட்டுப் பிரிவின் பொறுப்பில் அன்றிருந்த பீட்டர் மூர், இத்தொகையைத் தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீவ் பால்மரிடம் அஞ்சியபடியே சொன்னதாகவும், அவர் தயங்காது ஒப்புதல் தந்ததாகவும் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஸ்கொயர்டிரேட் என்னும் உத்தரவாத நிறுவனம் 2009இல் 16,000-க்கும் மேற்பட்ட விளையாட்டுப் பெட்டிகளை ஆராய்ந்து, இரண்டாண்டுக்குள் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பழுதுபட்டதாகக் கணித்தது. அதே ஆய்வில் பிளேஸ்டேஷன் 3 நூற்றுக்குப் பத்து. நின்டென்டோ வீ நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. மூன்று முதல் ஐந்து எங்கே, இருபத்து நான்கு எங்கே! நான்கு வீட்டில் ஒரு வீட்டுப் பெட்டி பழுதாகிறது என்றால், நான்கில் ஒரு வீட்டார் மட்டும் கவனக்குறைவானவர்கள் என்று நம்புவது கடினம்.

குறை எங்கே இருந்தது? குறுந்தட்டு ஓட்டும் பகுதிக்கு இடம் வேண்டியிருந்ததால், அதனடியில் அமைந்த வரைகலைச் செயலிக்கு உயரம் குறைந்த உலோகக் கட்டையே கிடைத்தது என்பதைப் பெட்டியைத் திறந்தவர் எவரும் காணலாம். பழுது நீக்கித் திருப்பி அனுப்பிய பெட்டிகளில் நிறுவனமே அக்கட்டையுடன் கூடுதல் உலோகத் தகடுகளை இணைத்தது. அதுவே ஒருவகை ஒப்புதல். ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை 1 முதல் மின்னணுக் கருவிகளில் ஈயத்திற்குத் தடை விதித்ததால், ஈயமில்லாப் பற்றாசுக்கு மாறியதே காரணம் என்று பலரும் எழுதினர். ஆனால் அப்பெட்டியின் உருவாக்கத்தில் பங்குகொண்ட டாட் ஹோல்ம்டால், 2021இல் வெளிவந்த ஆவணப்படத் தொடரில் விளக்கம் தந்தார். உறுப்புகளின் உள்ளேயுள்ள நுண்ணிணைப்புகள் முறிந்தன. அவற்றை முறித்தது மிகுந்த சூடு மட்டுமன்று, பெட்டியை இயக்கும்போதும் அணைக்கும்போதும் சூட்டிலிருந்து குளிருக்கும் குளிரிலிருந்து சூட்டுக்கும் மாறிமாறிச் செல்லும் பெயர்ச்சியே என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இது மைக்ரோசாப்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. என்விடியா நிறுவனமும் 2008 சூலையில், தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதிகைப் பொருளில் பலவீனம் உண்டென ஏற்று, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது.

சூட்டின் வரவும் போக்கும்

மரவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போடுவதைக் கண்டவர்களுக்கு ஹோல்ம்டாலின் விளக்கம் எளிதில் புலப்படும். பட்டையைக் கொல்லர் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகவே வளைப்பார். எருவும் விறகும் அடுக்கித் தீயிட்டுப் பழுக்கக் காய்ச்சினால் பட்டை விரியும். விரிந்ததைச் சக்கரத்தில் மாட்டி நீரூற்றினால் சுருங்கி, மரத்தை நெரித்துப் பிடிக்கும். சுருங்கும் இரும்பின் பிடி அத்தனை வலியது. அந்த வலிமையை ஆக்கத்திற்குப் பயன்படுத்தினார் கொல்லர். விளையாட்டுப் பெட்டியில் அதே வலிமை அழிவுக்குத் திரும்பியது.

எல்லாப் பொருளும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு டிகிரி வெப்பநிலை உயர்வுக்குச் சிலிக்கான் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு நீளும். அதைத் தாங்கும் பலகையோ பதினாறு பங்கு அளவுக்கு நீளும். பத்து மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லு ஒன்று 60 டிகிரி சூடேறுவதாகக் கொண்டால், சில்லு ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டரும் பலகை ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டரும் விரியும். வேறுபாடு 8 மைக்ரோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆயினும் இரண்டையும் இணைக்கும் நூற்றுக்கணக்கான நுண்பற்றுகள் கடுகினும் சிறியவை. மேற்புறம் ஓரிடத்தில் நிற்க, கீழ்ப்புறம் நகர்ந்தால் அப்பற்று வளைந்தாக வேண்டும். அணைத்தால் நேராகும்; இயக்கினால் மீண்டும் வளையும். நாளுக்கு இருமுறை இயக்கினால் ஆண்டுக்கு எழுநூறு முறைக்கு மேல். கம்பித் துண்டை ஒரே இடத்தில் மாறிமாறி மடக்கி முறிப்பது சிறுவர்க்குப் பழகிய வேலைதான். ஒருமுறை மடக்கினால் எந்தக் கம்பியும் முறிவதில்லை.

இப்பகுதியினர் அறிந்த மற்றொரு சான்று தண்டவாளம். 1904ஆம் ஆண்டு அரியங்காவுக் கணவாயினூடே கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைக்கும் இரயில்பாதை திறக்கப்பட்டது. அக்காலத்துத் தண்டவாளத் துண்டுகளுக்கிடையே சிறு இடைவெளி விடுவது வழக்கம். வெயிலில் விரியும் இரும்பு தங்க அந்த இடைவெளி. பயணத்தின் தாளமாக ஒலித்த கடகடப்பு அதிலிருந்து எழுந்ததே. சில்லுக்கும் பலகைக்கும் நடுவே அத்தகைய இடைவெளி விட வழியில்லை. விட்டால் மின்சாரம் பாயாது. எனவே இணைப்பைச் சுற்றி உறுதியான பிசினை நிரப்புதல், சூடு மிகாமலே காத்தல் என வேறு வழிகளைப் பொறியாளர்கள் நாடினர். மைக்ரோசாப்ட் பின்னர்ச் சில்லுகளைச் சிறிதாக்கி மின்நுகர்வைக் குறைத்தது. 2010இல் இரு செயலிகளையும் ஒரே சில்லாக்கி வெளியிட்ட ஒல்லியான பெட்டியில் பழைய தொல்லை பெரிதும் அடங்கிற்று.

இதில் கவனிக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. பெட்டியை அடிக்கடி அணைத்து ஆறவிட்ட சிக்கனக்காரர், அந்த ஒவ்வோர் அணைப்பிலும் நுண்பற்றுகளுக்கு ஒரு மடக்கு கூடுதலாகத் தந்தார். நல்லெண்ணத்தோடு செய்ததே அது. அமைப்பிலேயே குறை இருக்கும்போது பயன்படுத்துபவரின் ஒழுங்கு அதைத் திருத்திவிடுவதில்லை.

துண்டு வைத்தியம்

நம்பிக்கை இழந்தவர்களிடையே அக்காலத்தில் விந்தையான மருத்துவம் ஒன்று பரவியது. செவ்வளையம் தோன்றிய பெட்டியைத் தடித்த துண்டுகளால் சுற்றி, துளைகளை அடைத்து, இருபது நிமிடம் இயக்கவிடுவர். உள்ளே சூடு மிகுந்து, பின்னர் ஆறவைத்து இயக்கினால், சில பெட்டிகள் மெய்யாகவே உயிர்பெற்றன. பற்றாசு உருகி மீண்டும் ஒட்டிக்கொண்டது என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். ஈயமில்லாப் பற்றாசு உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். துண்டு சுற்றிய பெட்டியில் அந்த வெப்பம் பிறப்பதில்லை. பிறந்தால் நெகிழியும் துணியும் முதலில் எரியும். நிகழ்ந்தது வேறு. விரிந்த உறுப்புகள், முறிந்த முனைகளைத் தற்காலிகமாக நெருக்கித் தொடவைத்தன. விரிசல் விரிசலாகவே இருந்தது. சில நாளிலோ சில வாரத்திலோ மூன்று விளக்குகளும் மீண்டும் தோன்றின.

தன் பெட்டியில் இதைச் செய்து பார்ப்பவர் தீவிபத்துக்கு வழிசெய்கிறார். ஆனால் இதைச் செய்து, ஓடுகிறது பாருங்கள் என்று காட்டிப் பிறரிடம் விற்பவர் செய்வது வேறு. பழைய பெட்டி வாங்குவோர் விற்பவர் முன்னிலையில் ஒரு மணிநேரமாவது ஆட்டத்தை ஓடவிட்டுப் பார்ப்பது நலம். அப்படியும் எல்லாக் குறையும் தெரிந்துவிடாது. வெப்பக்காற்று ஊதிச் சில்லை மீண்டும் பற்றவைக்கும் கடைகளும் உண்டு. உரிய கருவியும் பழகிய கையும் இருந்தால் சில்லின் அடிப்பற்று சீராகலாம். சில்லின் உள்ளேயே முறிந்திருந்தால் அதுவும் பொழுதைத் தள்ளிப்போடுவதே.

கைக்கு எட்டுவன

கணவாயைத் திறந்துவைப்பது மட்டும் முழுக்க முழுக்கப் பயன்படுத்துபவர் கையில் இருக்கிறது. பெட்டியின் எப்பக்கமும் ஒரு சாண் அளவேனும் வெற்றிடம் வேண்டும். மூடுதுணி, விளையாடாத வேளையில் தூசி தடுக்க நல்லதே. இயக்குமுன் அதை எடுத்துவிட வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360 போன்ற பெட்டிகளுக்குத் தனியே செங்கல்போன்ற மின்வழங்கி ஒன்று உண்டு. அதற்குள்ளும் ஒரு விசிறி சுழல்கிறது என்பது பலர் அறியாதது. அதைத் தலையணைக்கும் சுவருக்கும் இடையே திணித்துவைக்கலாகாது.

தூசியின் கதை இவ்வட்டாரத்தில் தனிக்கதை. சாலையில் காயும் நெல்லின் உமியும் சுணையும் கணவாய்க் காற்றோடு வீட்டுக்குள் வருகின்றன. தகடுகளின் இடுக்கில் அவை கம்பளம்போல் படிகின்றன. சாரல் காலத்து ஈரம் சேர்ந்தால் அந்தக் கம்பளம் ஒட்டிக்கொண்டு அப்பமாகிவிடும். இதமான சூடும் இருளும் இருக்குமிடத்தைக் கரப்பான் பூச்சி தேடிவருவதும் வியப்பன்று. மாதம் ஒருமுறை, மின்னிணைப்பை நீக்கியபின், துளைகளை மென்தூரிகையால் துடைத்துத் தூசி உறிஞ்சியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து இழுக்கலாம். காற்று ஊதுவதானால் விசிறி கட்டுக்கடங்காது சுழலாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் 5 பெட்டியில் தூசி சேர்வதற்கென்றே இரு குழிகள் அமைத்திருக்கிறார்கள். மேல்தகட்டைக் கழற்றினால் அவை தென்படும். நினைத்துப் பார்த்துச் செய்த அமைப்பு அது.

சூடேறி நின்ற பெட்டியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பது, ஈரத்துணி போர்த்துவது, உடனே மீண்டும் இயக்குவது ஆகிய மூன்றும் கேடு. குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். நீரும் மின்சாரமும் சேரும். மின்னிணைப்பை நீக்கி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, முழுதும் ஆறும்வரை பொறுத்தலே போதும். ஆண்டுகள் சென்றால் வெப்பப் பசை உலர்ந்து திருநீறுபோல் உதிரும். அதை மாற்றுவது பழகியவர் செய்ய வேண்டியது. மின்வழங்கியின் மின்தேக்கிகள் இணைப்பை நீக்கியபின்னும் மின்னூட்டத்தை வைத்திருக்கும். பிளேஸ்டேஷன் 5 பெட்டியில் பசைக்குப் பதிலாக மின்சாரத்தைக் கடத்தும் நீர்ம உலோகமே பயன்படுகிறது. தெரியாதவர் திறந்து அது சிந்தினால் பலகையே பாழாகும்.

சீராகாத பெட்டியைப் பழைய இரும்புக்கடையில் போட்டால், செம்புக்காகக் கம்பிகளைக் கொளுத்துவதும் பலகைகளைத் தணலில் வாட்டுவதும் நேரும். அப்புகையை முதலில் உட்கொள்பவர் அங்கு வேலை செய்பவரே. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, கழிவை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீதே சுமத்துகின்றன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அதைச் சேர்ப்பிப்பது முறை. சேமிப்பு வட்டு நல்ல நிலையில் இருந்தால் அதை முன்னரே கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

மீண்டும் அவ்வீடு

சுந்தரபாண்டியபுரத்து மாணவன் மாலைவரை காத்திருந்தான். பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துத் திண்ணையில் வைத்துத் துளைகளைத் துடைத்தபோது, ஒரு கைப்பிடி தூசியும் நெற்சுணையும் வந்தன. தாய் அதைக் கண்டு, துணியைத் தாமே மடித்து உள்ளே கொண்டுபோனார். இயக்கியதும் வளையம் பச்சையாக ஒளிர்ந்தது. பிற்பகலில் மின்னியவை இடப்புறத்து இரண்டு விளக்குகள் மட்டுமே என்று அப்போதுதான் அவனுக்குப் புலப்பட்டது. அதன்பின் பெட்டி மேசைமேல் திறந்தவெளியில் இருந்தது. இரண்டு மாதம் எந்தத் தொல்லையும் இல்லை.

ஆடியில் சாரல் வந்தது. சன்னல் வழியே கணவாய்க் காற்று குளிர்ந்து வீசிய ஒரு காலையில் அவன் பெட்டியை இயக்கினான். விசிறி இரையவில்லை. மேற்புறம் தொட்டால் சில்லென்றிருந்தது. ஆட்டம் தொடங்கக்கூட இல்லை, வளையம் சிவந்தது. தந்தை நாளிதழை மடித்துவைத்துவிட்டு எழுந்து வந்தார். இம்முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, விரல்நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். மூன்று.